அடுப்பைப் பழுதுபார்ப்பது யார்? புகையில்லா அடுப்புத் திட்டங்களும் பராமரிப்பு என்னும் விடுபட்ட கணக்கும்

1. கேள்வி

வீட்டு அடுப்பைத் திருத்தியமைக்க இந்தியாவில் நடந்த முயற்சிகளுக்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. வார்தாவின் மகன்வாடி வளாகத்தில் 1947இல் உருவான ‘மகன் சூலா’ இந்த வரிசையில் முன்னே நிற்கிறது. 1983 டிசம்பரில் மத்திய அரசு தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் அதை மாநிலங்களின் பொறுப்பில் விட்டு விலகிக்கொள்வதற்குள் சுமார் 3.5 கோடி அடுப்புகள் வழங்கப்பட்டிருந்தன. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் மண்ணையும் விறகையும் விட்டுவிட்டு நேராக எரிவாயுவுக்குப் போயிற்று. கொடுத்த கணக்கு ஆண்டறிக்கைகளில் தெளிவாக இருக்கிறது. கொடுத்ததில் எத்தனை எரிகின்றன என்ற கணக்கோ, ஆய்வாளர்கள் அவ்வப்போது எடுத்த மாதிரிக் கணக்கெடுப்புகளில் சிதறிக் கிடக்கிறது.

விறகில் எரியும் மேம்பட்ட அடுப்புகள் பெருமளவில் நிலைக்கவில்லை என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு குறைவு. ஏன் நிலைக்கவில்லை என்பதில்தான் சண்டை. கிராமத்துப் பெண்கள் பழக்கத்தை விடமாட்டார்கள் என்பது ஒரு விளக்கம். கையில் காசில்லை என்பது இன்னொன்று. ஆய்வுக்கூடத்தில் காட்டிய திறனை அடுப்பு சமையலறையில் காட்டவில்லை என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் அடுப்பை வாங்கும் கணத்தையோ பற்றவைக்கும் கணத்தையோ பற்றியவை. விரிசல் விட்டபின், குழாய் அடைத்தபின், தகடு துருப்பிடித்தபின் அந்த அடுப்பு யாருடைய பொறுப்பு என்ற கேள்வியை அவை தொடுவதில்லை. இக்கட்டுரை அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மேம்பட்ட அடுப்புகளின் தோல்வியில் பெரும்பகுதி ஏற்பின் தோல்வி அல்ல, பராமரிப்பின் தோல்வி. பராமரிப்பதற்கான அறிவு, பொருள், பொறுப்பு ஆகிய மூன்றும் பழைய அடுப்பில் ஒரே கையில் இருந்தன. புதிய அடுப்பு அவற்றைப் பிரித்துவிட்டு, பிரித்ததை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. இதுவே இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

2. மண் அடுப்பு எப்படி நிலைத்தது

பழைய அடுப்பைப் பற்றிய பொறியியல் எழுத்துகள் அதன் குறைகளிலிருந்தே தொடங்கும். விறகிலுள்ள வெப்பத்தில் பத்திலொரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல்தான் பாத்திரத்துக்குப் போகிறது, மீதி வீண் என்பார்கள். அந்தக் கணக்கு பொதுவாகச் சரியே. ஆனால் அந்த எழுத்துகள் கவனிக்காத ஒன்று, இந்தத் திறன் குறைந்த பொருள் பெரும்பாலும் பழுதாகி நிற்பதே இல்லை என்பது.

காரணம் எளியது. களிமண்ணோ புற்றுமண்ணோ எடுத்து, வைக்கோல் துணுக்கோ உமியோ சேர்த்துப் பிசைந்து, மூன்று பக்கம் சுவர் எழுப்பி, மேலே பானை உட்கார மூன்று குமிழ் வைப்பவள் அந்த வீட்டுப் பெண்தான். சில வீடுகளில் பக்கவாட்டில் கொடியடுப்பும் சேரும். முதல் அடுப்பில் மிஞ்சிய அனல் அதன் வழியே போய், வடித்த சோற்றையோ குழம்பையோ சூடு ஆறாமல் வைத்திருக்கும். விறகை முட்டி முட்டி வாய் உடைவதும், பானையை இறக்கி ஏற்றிக் குமிழ் தேய்வதும், சூட்டில் சுவர் வெடிப்பதும் நாள்தோறும் நடப்பவை. அதற்கான மருத்துவமும் நாள்தோறும் நடக்கும். காலையில் சாம்பல் அள்ளியதும் சாணமும் மண்ணும் கரைத்து மெழுகும்போதே விரிசல் அடைபட்டுவிடும். வெள்ளி, செவ்வாயில் கோலமும் விழும். தென்மாவட்டங்களில் பொங்கலுக்குப் புதிதாக அடுப்புக்கட்டி செய்வதும் வாங்குவதும் வழக்கம். பராமரிப்பு என்று தனியே ஒரு வேலை அங்கே இல்லை; அது சமையலின் முன்னும் பின்னும் கரைந்திருந்தது.

மண் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால்தான் உயிரோடிருக்கும். குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனாரின் புறநானூற்றுப் பாடலில் (164) சமையலையே மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கும். வறுமையின் அடையாளமாக நாம் அதைப் படிக்கிறோம். மண் அடுப்பைப் பற்றிய துல்லியமான தொழில்நுட்பக் குறிப்பாகவும் அதைப் படிக்கலாம். சூடு படாத மண் ஈரம் குடிக்கும். மெழுகப்படாத சுவர் பொரியும். பயன்பாடும் பராமரிப்பும் ஒன்றே என்றிருக்கும் பொருளில், ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும்.

இதை மண் அடுப்பின் புகழ்ச்சியாகக் கொள்ள வேண்டாம். இந்தப் பராமரிப்பு கூலியில்லாத வேலை, அதுவும் பெண்ணின் தலையில் மட்டுமே விழுந்த வேலை. அந்த அடுப்பின் புகையில் இருமியவளும் அவளே. வீட்டுக்குள் எரியும் அடுப்புகளின் காற்று மாசால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அடுப்பை மாற்ற வேண்டும் என்பதில் ஐயமில்லை. மாற்றியவர்கள் எதை எண்ணிப் பார்க்கவில்லை என்பதே நம் விசாரணை.

3. வார்தாவிலிருந்து தேசியத் திட்டம் வரை

1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் கட்டி வளர்த்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. மகன் சூலா அந்தச் சூழலில் உருவானது. ஏறத்தாழ அதே காலத்தில் ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் எஸ்.பி. ராஜு தம் அடுப்பை வடிவமைத்தார். அந்த ஆய்வுக்கூடத்தின் பெயரையே ஏற்று ‘ஹெர்ல் சூலா’ என்று அது அறியப்பட்டது. கோடிக்கணக்கான சமையலறைகளைப் புகையிலிருந்து விடுவிப்பது பற்றி அவர் எழுதிய சிறு நூலைச் சென்னையிலிருந்து கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்டது. ராஜுவின் அக்கறை பெண்ணின் கண்ணும் நுரையீரலும். ஒரு வாயில் விறகிட்டு, அனலை அடுத்தடுத்த குழிகளின் வழியே இழுத்து, கடைசியில் குழாய் வழியே கூரைக்கு வெளியே அனுப்புவது அவர் வழி.

1970களில் நோக்கம் மாறியது. எரிக் எக்ஹோம் 1975இல் விறகுப் பஞ்சத்தை ‘மற்றொரு எரிசக்தி நெருக்கடி’ என்று எழுதியபின், அடுப்பு காட்டைக் காக்கும் கருவியாயிற்று. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.கே.என். ரெட்டி 1974இல் தொடங்கிய அஸ்த்ரா பிரிவு, மூன்று பாத்திர ‘அஸ்த்ரா ஒலே’ அடுப்பை வெப்பத்திறனை முன்னிறுத்தி உருவாக்கியது. குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றைக் கிர்க் ஸ்மித்தும் இந்திய ஆய்வாளர்களும் அளந்து 1983இல் வெளியிட்டபின் மீண்டும் உடல்நலம் முன்னுக்கு வந்தது. புகை, காடு, நுரையீரல், பின்னாளில் பருவநிலை என்று நோக்கம் மாறிக்கொண்டே இருந்தது. எந்தக் கட்டத்திலும் அடுப்பின் ஆயுள் ஒரு நோக்கமாக வைக்கப்படவில்லை.

தேசியத் திட்டத்தின் நடைமுறையில் இது பளிச்சென்று தெரியும். மானியம் அடுப்பின் விலையில் பாதிக்குக் குறையாது. கட்டித் தருபவர்கள் ‘சுயதொழில் பணியாளர்’ என்ற பெயரில் பயிற்சி பெற்றவர்கள். அவர்களுக்கு வருமானம் கட்டிய அடுப்பின் எண்ணிக்கையிலிருந்து வந்தது. மாவட்டத்துக்கு இலக்கு, மாநிலத்துக்கு இலக்கு. ஏற்கெனவே கட்டிய ஒன்றைச் சீர்செய்வதைவிடப் புதிதாக ஒன்று கட்டுவது பணியாளருக்கும் அதிகாரிக்கும் லாபம். ஒரு திட்டம் எதை எண்ணுகிறதோ அதைத்தான் பெறும். இங்கே எண்ணப்பட்டது கட்டுமானம். பீனா அகர்வால் 1986இல் வெளியிட்ட நூலில், அடுப்பைப் பரப்புவது சமூக உறவுகளின் சிக்கல் என்றும் பயன்படுத்தும் பெண்களைக் கேளாமல் வடிவமைப்பது தோற்கும் என்றும் வாதிட்டார். திட்டம் முடியும் தறுவாயில், 2002இல், வி.வி.என். கிஷோரும் பி.வி. ரமணாவும் ‘எனர்ஜி’ ஆய்விதழில் இந்த அடுப்புகள் உண்மையில் எந்த அளவு மேம்பட்டவை என்றே கேட்டார்கள்.

அதே ஆண்டுகளில் சீனா 12 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் புதிய அடுப்புகளை ஏற்றியது. அங்கே அரசின் பணம் பெரும்பாலும் பயிற்சிக்கும் நிர்வாகத்துக்கும் போனது. அடுப்பின் விலையைக் குடும்பமே கொடுத்தது. உதிரிப் பாகங்களை உள்ளூர் நிறுவனங்கள் செய்து விற்றன. சீனக் குடும்பங்கள் இந்தியக் குடும்பங்களைவிட வசதியானவை, குளிர் காய்வதற்கும் அவர்களுக்கு அடுப்பு தேவைப்பட்டது என்பதால் இந்த ஒப்பீட்டை அளவோடுதான் எடுத்துக்கொள்ள முடியும். ஆனாலும் பாகம் கெட்டால் வாங்க ஓர் இடம் இருந்தது என்பது சின்ன வேறுபாடல்ல.

4. மெழுகியதால் கெட்ட அடுப்பு

புதிய அடுப்பில் என்ன கெடும்? ஒவ்வொன்றாகப் பார்த்தால், பராமரிப்பு எப்படிக் கைமாறியது என்பது தெரியும்.

முதலில் புகைக்குழாய். தேசியத் திட்டத்தின் நிலையான அடுப்புகளில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய் பொருத்தினார்கள். ஈர விறகும் சுள்ளியும் வறட்டியும் எரிக்கும் வீட்டில் அதன் உட்புறம் விரைவில் கரிப்படலமும் கீல் போன்ற பிசுக்கும் படியும். குழாய் குறுகக் குறுக இழுவை குறையும். இழுவை குறைந்தால் புகை வாய் வழியே அறைக்குள் திரும்பும். அதாவது சுத்தம் செய்யாத புகைபோக்கி, புகைபோக்கியே இல்லாத நிலைக்கு வீட்டைக் கொண்டுபோய்விடும். சுத்தம் செய்ய வேண்டுமானால் கூரைமேல் ஏற வேண்டும், நீளக் கம்பியில் துணியோ தேங்காய் நாரோ சுற்றிக் குத்த வேண்டும். கூரையேறுவது பெரும்பாலான வீடுகளில் ஆண் வேலை. இப்படி அடுக்களையின் பராமரிப்பு, அடுக்களைப் பக்கமே வராத ஒருவரின் ஒழிந்த நேரத்தைப் பொறுத்ததாயிற்று. கூரையைத் துளைத்த இடத்தில் மழை ஒழுகும் தொல்லை வேறு. ஓலை வேய்ந்த வீட்டில் தீப்பிடிக்கும் அச்சமும் உண்டு.

இரண்டாவது, அளவுகள். பொறியாளரின் அடுப்பு சென்டிமீட்டர் கணக்கில் உயிர்வாழ்வது. விறகு வாயின் உயரம், அனல் போகும் வழியின் அகலம், பானைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளி எல்லாம் சேர்ந்துதான் திறன். அந்த அடுப்பைப் பெற்ற பெண் தனக்குத் தெரிந்த பராமரிப்பை அதற்கும் செய்தாள், மெழுகினாள். ஒவ்வொரு மெழுகலும் சுவரைச் சற்றே தடிப்பாக்கும், வழியைச் சற்றே குறுக்கும். பெரிய விறகு நுழையவில்லையென்றால் வாயைக் கொஞ்சம் உடைத்துப் பெரிதாக்கினாள். தன் குண்டான் உட்காரவில்லையென்றால் குழியைச் சுரண்டினாள். மதிப்பீட்டு அறிக்கைகளில் இவையெல்லாம் ‘தவறான பயன்பாடு’. பழைய அடுப்பின் பக்கமிருந்து பார்த்தால் இவை ஒழுங்கான பராமரிப்பு. முந்தைய அடுப்பை ஆண்டுக்கணக்கில் வாழவைத்த அதே கைவேலை புதிய அடுப்பைக் கெடுத்தது. இந்த முரணை முன்கூட்டியே கண்டிருக்க வேண்டியவர்கள் வடிவமைத்தவர்கள்; பழி மட்டும் பயன்படுத்தியவளுக்குப் போயிற்று.

இலங்கையில் இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை கிடைத்தது. 1980களில் உருவான ‘அனகி’ அடுப்பு குயவர் சூளையில் சுட்டது. இரண்டு பாத்திரம் வைக்கும் ஒற்றைத் துண்டு. குருநாகல் மாவட்டத்தின் கும்புக்கெட்டே போன்ற ஊர்களில் குயவர்கள் அதைச் செய்து சந்தையில் விற்கிறார்கள். வாங்கியவர் வீட்டில் வைத்து வெளிப்புறம் மண் பூசிக்கொள்வார். அளவுகள் சுட்ட மண்ணுக்குள் பூட்டிக் கிடப்பதால் வெளியே எத்தனை முறை மெழுகினாலும் உள்ளே எதுவும் மாறாது. சில ஆண்டுகளில் உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அறிவு குயவரிடமும் மெழுகுதல் பெண்ணிடமும் உதிரிப்பாகம் சந்தையிலுமாகப் பொறுப்பு பிரிந்தது. ஆனால் பிரிந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். அனகிக்குப் புகைபோக்கி கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். விறகு மிச்சமாகும், புகை முற்றாகப் போகாது. நீடிப்பதற்காக அது கொடுத்த விலை அது.

5. ஒடிசாவும் குவாத்தமாலாவும்

பராமரிப்பு பற்றிய வாதத்துக்கு வலுவான சான்று, முரண்பட்ட முடிவு தந்த இரண்டு ஆய்வுகளை அருகருகே வைக்கும்போது கிடைக்கிறது.

குவாத்தமாலாவின் மேட்டு நிலத்தில் 534 வீடுகளில் கிர்க் ஸ்மித் குழு நடத்திய ஆய்வின் முடிவுகள் 2011இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. புகைபோக்கியுள்ள ‘பிளாஞ்சா’ அடுப்பு தரப்பட்ட வீடுகளில் கார்பன் மோனாக்சைடு தாக்கம் சுமார் பாதியாகக் குறைந்தது. மருத்துவர் கண்டறிந்த நிமோனியா மொத்தத்தில் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. கடுமையான நிமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

ஒடிசாவில் கிராம் விகாஸ் என்னும் தொண்டு நிறுவனம் கட்டித் தந்த புகைபோக்கி மண் அடுப்புகளை எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரெமா ஹன்னா ஆகியோர் சுமார் 2,600 வீடுகளில் நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முதல் ஆண்டில் சமைப்பவரின் புகைத் தாக்கம் குறைந்தது. பின்னர் அந்தக் குறைவு மறைந்துபோனது. உடல்நலத்திலோ விறகுச் செலவிலோ மாற்றம் தென்படவில்லை. வீட்டார் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிப்புக்குத் தேவையானதைச் செய்யவில்லை, காலப்போக்கில் கைவிட்டார்கள் என்பது அவர்கள் கண்டது.

இரண்டுக்கும் இடையே அடுப்பின் தரத்திலும் வேறுபாடு உண்டு. பிளாஞ்சா விலை கூடிய, உறுதியான அடுப்பு. அதைவிட முக்கியமானது, குவாத்தமாலாவில் ஆய்வுப் பணியாளர்கள் வாரந்தோறும் வீட்டுக்குப் போனார்கள் என்பது. அடுப்புக்குக் கேடு வந்தால் கேட்க ஆள் இருந்தார். ஒடிசாவில், இயல்பான எந்தத் திட்டத்திலும் நடப்பதுபோல, அடுப்பு கட்டி முடிந்ததும் பொறுப்பு வீட்டாரிடம் விடப்பட்டது. ஒடிசா ஆய்வு மேம்பட்ட அடுப்பே பயனற்றது என்று நிறுவியதாகப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் ஆண்டில் புகை குறைந்தது என்பது அந்த ஆய்வின் முடிவுகளில் ஒன்று. கருவி வேலை செய்தது. கருவியைத் தொடர்ந்து வேலை செய்யவைக்கும் ஏற்பாடுதான் இல்லை.

இந்த வாசிப்புக்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. மக்கள் மதிக்கும் பொருளை அவர்களே பழுதுபார்த்துக்கொள்கிறார்கள். சைக்கிள் பஞ்சரானால் யாரும் அரசுத் திட்டத்துக்குக் காத்திருப்பதில்லை. ஆகவே அடுப்பைச் சீர்செய்யவில்லை என்றால் அது அவர்களுக்கு அவ்வளவு பயன்படவில்லை என்றுதானே பொருள்? பராமரிப்பின்மை காரணமல்ல, அறிகுறி என்பது இந்த வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. வங்கதேசத்தில் முபாரக்கும் சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, புகையைப் பெண்கள் தம் பெரிய உடல்நலக் கேடாகக் கருதவில்லை என்றும் புதிய அடுப்புக்குக் கிராக்கி மிகக் குறைவு என்றும் காட்டியது. அதே ஆய்வுத் தொடரின் மற்றொரு பகுதி, உடல்நலம் காக்கும் அடுப்பைப் பெண்கள் ஆண்களைவிட அதிகம் விரும்பினாலும் விலை கொடுத்து வாங்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை என்று கண்டது.

இந்த இரண்டாவது முடிவு முதல் மறுப்பின் முனையை மழுக்குகிறது. சைக்கிளை ஓட்டுபவரும் பஞ்சருக்குக் காசு கொடுப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள். புகைபோக்கியின் பயனை அனுபவிப்பவள் ஒருத்தி, கூரையேறுபவர் வேறொருவர், காசை வைத்திருப்பவரும் அந்த வேறொருவரே. பயனும் செலவும் இப்படி வெவ்வேறு ஆட்களிடம் இருக்கும்போது, குடும்பம் என்ற ஒரே அலகின் விருப்பத்தைப் பராமரிப்பிலிருந்து ஊகிப்பது பிழையில்தான் முடியும். ஆயினும் மறுப்பில் ஒரு பாதி நிற்கும்: புகையை அகற்றியும் சமையலை எளிதாக்காத அடுப்பை யாரும் பேணமாட்டார்கள்.

6. தெருவில் கிடைத்த மெக்கானிக்

மேம்பட்ட விறகடுப்பைப் பற்றிய ஆய்வுகள் அதே காலத்தில் நகரங்களிலும் சிற்றூர்களிலும் எரிந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. இது வியப்பு, ஏனென்றால் மானியமில்லாமலே நிலைத்த புதிய அடுப்பு அதுதான். 1892இல் ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய பிரைமஸ்ஸின் வாரிசான பம்பு ஸ்டவ், மண் அடுப்பைவிட எத்தனையோ மடங்கு நுட்பமான பொருள். நிப்பிள் அடைக்கும், பம்பின் தோல் வாஷர் காயும், பர்னரில் கரி ஏறும். ஆனால் ஸ்டவ் பின் பெட்டிக்கடையில் கிடைத்தது. வாஷரை எண்ணெயில் ஊறவைத்து மாற்ற வீட்டிலேயே கற்றுக்கொண்டார்கள். முடியாததற்குக் கடைத்தெருவில் ‘ஸ்டவ் ரிப்பேர்’ கடையோ, வாசலில் கூவிக்கொண்டு வரும் ஆளோ இருந்தார். இந்தியன் ஆயில் 1977இல் கொண்டுவந்த ‘நூதன்’ திரி ஸ்டவ்வுக்கும் திரி எங்கும் கிடைத்தது. மண்ணெண்ணெய் ரேஷனில் கிடைத்ததும் ஒரு பெரிய காரணம் என்பதை மறுக்கவில்லை.

பம்பு ஸ்டவ்வின் கதையில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்ற செய்தி 1970களிலும் 80களிலும் நாளிதழ்களில் வழக்கமான ஒன்றாயிற்று. அவற்றில் ஒரு பகுதி மெய்யான விபத்து. வேறு பல வரதட்சணைக் கொலைகளுக்கு இட்ட பெயர். 1986இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வரதட்சணை மரணத்துக்கான 304-பி பிரிவு சேர்ந்ததற்கு அந்தச் செய்திகளும் பின்னணி. பழுதான கருவி என்ற சாக்கு அவ்வளவு எளிதில் நம்பப்பட்டது என்பதே, வீட்டுக் கருவிகளின் பராமரிப்பை எவரும் கணக்கில் எடுத்ததில்லை என்பதற்கு ஒரு சான்று.

பழுதுபார்க்கும் சந்தை தானாக உருவாகும் என்று இதைக் கொண்டு சொல்ல முடியுமா? முடியாது. மின்விசிறி பொருத்திய விறகடுப்புகள் எதிர்ச்சான்று. இந்திய அறிவியல் கழகத்தின் வடிவத்தைக் கொண்டு ‘ஊர்ஜா’ என்னும் அடுப்பை பி.பி. நிறுவனம் 2006 முதல் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் விற்றது. வேளாண் கழிவை அழுத்திச் செய்த வில்லைகள்தான் எரிபொருள். அடுப்பு லட்சக்கணக்கில் விற்றது. வில்லையின் விலை ஏறியதும், அது மட்டுமே எரிபொருள் என்றிருந்த வீடுகள் விலகின. மூலையில் ஒதுங்கிய அடுப்புக்குப் பேட்டரி யார் மாற்றுவார்? ஒரே நிறுவனத்தின் எரிபொருளையும் பாகத்தையும் நம்பியிருக்கும் அடுப்பில், அந்த நிறுவனத்தின் கணக்கு மாறும் நாளில் பராமரிப்பும் முடிந்துபோகும்.

7. எரிவாயு: பராமரிப்பை விலைக்கு வாங்குதல்

எரிவாயு அடுப்பு இந்தச் சிக்கலை வேறுவிதமாகத் தீர்த்தது. ஆபத்தான பாகம் அனைத்தையும் வீட்டாரின் கையிலிருந்து எடுத்து நிறுவனத்திடம் கொடுத்தது. சிலிண்டர் நிறுவனத்தின் சொத்து. அதன் சோதனைக் காலத்தை ஆண்டும் காலாண்டைக் குறிக்கும் ஏ, பி, சி, டி எழுத்துமாக அதன் மேற்பகுதியிலேயே பொறித்திருப்பார்கள். ரெகுலேட்டர் கெட்டால் ஏஜென்சி மாற்றித் தர வேண்டும். சுரக்ஷா குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கசிவென்றால் 1906 என்ற எண். பெண்ணிடம் மிஞ்சியது பர்னரைக் கழுவுவதும் மேடையைத் துடைப்பதும்தான்.

தமிழ்நாட்டில் 2006 தேர்தலுக்குப்பின் தி.மு.க. அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது, உஜ்வலாவுக்கு ஏறத்தாழ பத்தாண்டு முன்பு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தூய எரிபொருளில் சமைக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் 82.9 விழுக்காடு, நாடு முழுவதற்கும் 58.6. பராமரிப்பு வலையமைப்பு பழகிப்போன மாநிலத்தில் புதிய இணைப்பு எளிதில் வேர்பிடிக்கும் என்பதை இந்த வேறுபாடு ஓரளவு விளக்கலாம். வருமானமும் நகரமயமாதலும் இதில் கலந்திருப்பதால் தனியே பிரித்துச் சொல்வது கடினம்.

ஆனால் பராமரிப்பு விலைக்கு வாங்கும் பொருளானதும், விலை கொடுக்க முடியாதவர் வெளியே நிற்கிறார். உஜ்வலா பயனாளிகள் ஆண்டுக்குச் சராசரியாக வாங்கிய சிலிண்டர் மூன்றைச் சற்றே தாண்டியதாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2019 அறிக்கை காட்டியது. விலை என்ற தடையை நீக்கினால் என்னவாகும் என்பதற்கும் நம் மண்ணிலேயே ஒரு சோதனை நடந்தது. விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளும் சேர்ந்த ‘ஹாபின்’ ஆய்வில் சுமார் 3,200 கருவுற்ற பெண்களில் பாதிப்பேருக்கு அடுப்பும் 18 மாத எரிவாயுவும் வீடு தேடி இலவசமாகப் போயின. இந்தியப் பகுதியைக் கல்பனா பாலகிருஷ்ணனின் தலைமையில் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனம் நடத்தியது. விறகை ஏறத்தாழ முற்றாகவே விட்டார்கள். நுண்துகள் தாக்கம் கன மீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராமிலிருந்த இடத்தில் 24 ஆயிற்று. பழக்கத்தை விடாத பெண் என்ற விளக்கம் இந்த ஆய்வுக்குப்பின் நிற்க முடியாது. அதேவேளை குழந்தைகளின் பிறப்பு எடையிலோ கடும் நிமோனியாவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பராமரிப்பும் எரிபொருளும் சரியாக இருந்தால் புகை குறையும் என்பது உறுதியாயிற்று. புகை எந்த வயதில், எந்த அளவுக்குக் குறைந்தால் நோய் குறையும் என்பது வேறு கேள்வி. அது இன்னும் திறந்தே இருக்கிறது.

8. எண்ண வேண்டியவை

எரிவாயு இருக்கும் வீட்டிலும் கொல்லையில் ஒரு மண் அடுப்பு எரிகிறது. வெந்நீருக்கு, நெல் அவிக்க, மாட்டுத் தீவனத்துக்கு, மாதக் கடைசியில் சோற்றுக்கும். தென்மாவட்டங்களில் சீமைக்கருவேல விறகு கிடைக்கும்வரை அது எரியும். அந்த அடுப்பு எந்தத் திட்டத்தின் கணக்கிலும் இல்லை. அதைப் பேணும் உழைப்பும் இல்லை.

ஆகவே இனி வரும் திட்டத்திடம், அது விறகடுப்போ எரிவாயுவோ மின் அடுப்போ, கேட்க வேண்டியவை சில உண்டு. ஐந்தாம் ஆண்டில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று எண்ண நிதி இருக்கிறதா? பழுதுபார்ப்பவருக்குக் கட்டும் கூலிக்கு இணையான கூலி உண்டா? உதிரிப்பாகம் ஒன்றியத் தலைமையிடத்திலாவது விற்கிறதா? பழுது நீக்கும் பயிற்சி சமைப்பவளுக்குத் தரப்படுகிறதா, அவள் கணவருக்கா? தூண்டல் அடுப்பு எனப்படும் இண்டக்‌ஷன் ஸ்டவ்வை அரசுகள் பேசத் தொடங்கியிருக்கும் இந்நாளில் இவை அவசரமான கேள்விகள். அதன் மின்னணுப் பலகை கெட்டால் மெழுகிச் சரிசெய்ய முடியாது. இந்தக் கேள்விகளுக்கு விடையில்லாத அடுப்புத் திட்டம் எந்தக் கட்சியின் பெயரில் வந்தாலும், கிராம சபையிலும் சட்டமன்றத்திலும் அதன் நிதி ஒதுக்கீட்டை வாசகர்கள் கேள்வி கேட்க வேண்டும்.